தை மாத ரத்தம்

எதிரே உட்கார்ந்திருந்தவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டே பேசினார். நெற்றியெல்லாம் வியர்வை. மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூட அதைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடும். ஆனால் என் வேலை அவரைப் பார்ப்பது இல்லை, மேசையில் இருந்த திரையைப் பார்ப்பது. திரையில் பச்சை எரிந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?" என்றேன்.

"பங்குனியிலிருந்தேங்க. மொதல்ல வாயுப் புடிப்புன்னு நெனச்சேன். எம்பட சம்சாரம் பூண்டு சுட்டுக் குடுத்தா. இப்ப வண்டில ஏறி உக்காந்தாலே இந்த எடத்துல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க."

அவர் பெயர் நிகிலேஷ். ஐம்பத்து மூன்று வயது, நாமக்கல் லாரி டிரைவர். நரைத்த மீசையும் தொப்பையுமாக என் வாசலில் காத்திருக்கிறவர்களெல்லாம் இப்போது நிகிலேஷ், கவினேஷ், தர்ஷினி என்றுதான் இருக்கிறார்கள். ஆசை ஆசையாகப் பேர் வைத்த அம்மா அப்பாக்கள், இந்தக் குழந்தைகளுக்கும் ஒரு நாள் மூட்டு வலிக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

என் கதவில் 'டாக்டர் லக்ஷிதா, விளக்குநர்' என்று எழுதியிருக்கும். யாருக்கு மாரடைப்பு வரும், யாருக்கு வராது என்பதை இதயக் கணியன் என்கிற கருவி சொல்லிவிடும். வருடம் ஒரு தரம் கொடுக்கிற ரத்தம்தான் அதற்குச் சாப்பாடு. அதில் இருக்கிற கொழுப்பை அளந்து பச்சையோ சிவப்போ போட்டுவிடும். அந்தத் தீர்ப்பை ஒரு மனிதர் நேரில் உட்கார்ந்து விளக்க வேண்டும் என்று சட்டம். அந்த மனிதர் நான். விளக்குவதற்கு எம்.டி. எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

"பச்சைன்னு போட்டிருக்குதுங்களே. பச்சைன்னா நல்லதுதானுங்க?" என்றார் நிகிலேஷ்.

"பச்சைன்னா லாரியில உங்களுக்கு வேலை உண்டு. ஆஸ்பத்திரியில படுக்கை கிடையாது."

"செவப்பா இருந்தா?"

"படுக்கை உண்டு. வேலை போயிடும்."

"எனக்கு வலிக்குதுன்னு நானே வாயத் தொறந்து சொல்றேனுங்களே. அப்பறமென்ன?"

"நீங்க சொல்றத அது கேக்காதுங்க. ஒரு காலத்துல படுக்கை கிடைக்கணும்னு எல்லாரும் நெஞ்சு வலின்னு பொய் சொன்னாங்களாம். அதனால வாயால சொல்றத எடுத்துக்கறதையே நிறுத்திட்டாங்க. ரத்தம் சொன்னாத்தான் நம்பும். ரத்தக் குழாய படம் எடுக்கணும்னாக்கூட சிவப்பு விழணும். தனியார் ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருந்துச்சே, அதையும் இந்தக் கணியன நடத்தற மருத்துவ வாரியத்தோட சேர்த்துட்டாங்க."

அவருடைய பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் வரிசையாகப் பச்சை. கெட்ட கொழுப்பு ஒரு தடவைகூட நூற்றி முப்பதைத் தொடவில்லை. முட்டையும் பரோட்டாவுமாக வழி நெடுகச் சாப்பிடுகிற லாரிக்காரருக்கு அது எப்படி? தேதிகளைப் பார்த்தேன். அத்தனையும் தை மாதம்.

"ஏன் எப்பவும் தையிலேயே ரத்தம் கொடுக்கறீங்க?"

அந்த நோவிலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பழனிக்கு நடந்து போயிட்டு வந்த ஒடனே குடுக்கறதுதானுங்க. ஒரு மண்டலம் மாலை போட்டிருப்பமுங்க. கவுச்சி கெடையாது, பீடி கெடையாது, ஒரு வேளைச் சோறு. தைப்பூசம் முடிஞ்சு மாலையக் கழட்டிட்டு நேரா வந்து கையக் குடுத்துருவோம். அப்பத்தான ஒடம்பு சுத்தமா இருக்கும்! கோயிலுக்குப் போற மாதிரிதானுங்க இதுவும். அழுக்கு ஒடம்போடவா போறது?"

நான் நாகர்கோவில்காரி. இந்த ஊருக்கு மாற்றலாகி இரண்டு வருடம்தான் ஆகிறது. இது எனக்குத் தெரியாது. எந்த மாதத்தில் ரத்தம் கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம் என்று விதி எழுதியவனுக்கும் பழனி ஞாபகம் வந்திருக்காது.

"அது சுத்தமான ரத்தம்தாங்க, ஆனா உங்க ரத்தம் இல்ல" என்றேன். "வருஷத்துல பத்து மாசம் உங்க குழாய்ல ஓடறது வேற. அது என்ன பண்ணியிருக்குன்னு கணியனுக்குத் தெரியவே தெரியாது. கையை நீட்டுங்க."

ஆடி மாதம் அது. அன்று எடுத்த ரத்தத்தில் கெட்ட கொழுப்பு நூற்றி எழுபத்தைந்துக்கு மேல் இருந்தது. சரி, ஆள் பிழைத்தார் என்று நினைத்தேன். கணியன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'இருபத்திரண்டு முடிவுகளோடு பொருந்தவில்லை. ஆய்வகப் பிழையாக இருக்கலாம். விசாரணை தேவை' என்று போட்டது. பச்சை பச்சையாகவே எரிந்தது.

விசாரணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி திரையில் வருவார். அன்றைக்கு வந்தவர் யஷ்வந்த் என்று ஒரு இளைஞர், சென்னையிலிருந்து. நல்ல மரியாதையான பிள்ளை. அதுதான் வினை. அதட்டிக் கேட்டிருந்தால் நிகிலேஷ் வாயே திறந்திருக்க மாட்டார்.

'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்' என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மருந்து, உணவு மாற்றம் என்று ஏதாவது மருத்துவக் காரணம் எழுதி அவர் ஒருவரை மட்டும் கரையேற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

"ஐயா, இந்த ஒரு ரிசல்ட் மட்டும் ஏன் இவ்ளோ வித்தியாசமா இருக்கு? உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்றார் யஷ்வந்த்.

"இது விரதமில்லாத போது எடுத்ததுங்க. மத்ததெல்லாம் விரதத்துல எடுத்தது."

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். என் காலுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நினைத்து, "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காலை நகர்த்திக்கொண்டார் அந்த மகானுபாவர்.

"விரதம்னா?"

அவ்வளவுதான். நாமக்கல்லின் பெருமையை மதராஸ்காரத் தம்பிக்குச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. மாலை போடுவதிலிருந்து ஆரம்பித்து மலையேறி இறங்குவது வரைக்கும் சொன்னார். "நான் ஒருத்தன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. எங்க ஸ்டாண்டுல மாலை போடாத டிரைவரே கெடையாது. இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க வேணா கேட்டுப் பாருங்க. எல்லாரும் தையிலதான் குடுப்போம்."

"ரொம்ப நன்றி ஐயா. இது எங்களுக்கு ரொம்ப உபயோகமான தகவல்" என்றார் யஷ்வந்த், மனதாரத்தான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்துக்குள்ளேயே நாமக்கல் முழுக்கப் பச்சை அணைந்துவிட்டது. டிரைவர்கள் தை மாதத்தில் கொடுத்த முடிவுகள் அத்தனையையும் கணியன் அடித்துத் தள்ளியது. அடித்த பிறகு அவர்களுக்கு வேறு முடிவே இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, வெள்ளை. தகவல் இல்லாதவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வாரியமே குறித்துக் கொடுக்கிற தேதியில், மூன்று தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். மூன்றும் தொடர்ந்து ஒரே மாதிரி இருந்தால்தான் நிறம். நடுவில் ஒன்று கெட்டு வந்தால் பச்சைக்கு மறுபடி முதலிலிருந்து. நல்லதாக வந்தாலும் அப்படித்தான், சிவப்புக்கு முதலிலிருந்து; எண் இறங்கியதற்குப் பரிசாக ஒரு தற்காலிகப் பச்சை மட்டும் உண்டு. அதுவரை லாரியும் கிடையாது, படுக்கையும் கிடையாது. வாரியம் விட்ட அறிக்கையில் 'மதச் சடங்கைப் பயன்படுத்தி நடந்த திட்டமிட்ட மோசடி' என்று ஒரு வரி இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஊர் ஒரே வாரத்தில் உட்கார்ந்துவிட்டது.

அதற்கு யார் காரணம் என்று ஊருக்குத் தெரியாமல் போகுமா? நிகிலேஷ் வீட்டுக் கதவில் அழுகிய முட்டை அடித்தார்கள். டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. ஒரு நாள் அவர் மனைவி தர்ஷினி தனியாக என்னிடம் வந்து அழுதாள்.

"எதுத்த ஊட்டுக்காரி சீமந்தத்துக்குக் கூப்பிடலீங்க. வாசல்ல கோலம் போட்டுட்டிருக்கறேன், என்னையத் தாண்டி பக்கத்து ஊட்டுக்குப் போயி தட்டு வெக்கிறாளுங்க. அவரு யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு டாக்டரம்மா? நெசத்தச் சொன்னாரு, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா" என்றேன்.

மாத்திரை கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை அருமையான மாத்திரை. கொடுத்தால் எண் குறையும். எண் குறைந்தால் மூன்று தடவைக் கணக்கு உடையும். ஆகவே அவர் நோயாளி என்று நிரூபிக்கும் வரை அவரை நோயாளியாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையையும், ரத்தம் உறையாமல் இருக்க ஒன்றையும் மட்டும் கொடுத்தேன். "நல்லா சாப்பிடுங்க. முட்டை, கறி, எதையும் விடாதீங்க" என்று ஒரு இதய நோயாளியிடம் சொல்லி அனுப்பினேன். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

அவருடைய மச்சான் கவினேஷ்தான் கறிக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டார். தர்ஷினியின் தம்பி. மோகனூர் ரோட்டில் கோழிப் பண்ணை. ஆட்டுக்கறியை விட முடியாது என்பதற்காக வாழ்நாளில் ஒரு தடவைகூட மாலை போடாதவர். அதனால் கண்ட மாதத்தில் ரத்தம் கொடுத்து, முப்பத்தெட்டு வயதிலேயே சிவப்பு வாங்கி, லாரி வேலை போய், ஊரெல்லாம் 'செவப்பு செவப்பு' என்று கேலி பேச, கடைசியில் ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்கிற வலைக்குழல் வைத்துக் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

"எனக்கு சாமியுமில்ல ஒண்ணுமில்ல. தின்னேன், படுத்தேன், பொழச்சேன்" என்று என்னிடமே சிரித்தார். "எங்க மச்சான் முருகனக் கும்புட்டே நாசமாப் போவாரு போலிருக்குதுங்க."

ஆடியில் எடுத்தது முதல் கணக்கு, ஐப்பசியில் இரண்டாம் முறை ரத்தம் எடுத்தோம். நூற்றி எழுபத்தொன்பது. "பிரமாதம்!" என்று கத்திவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நிகிலேஷ் கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் சிரித்தார். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறவர்கள் வரிசையில் அவர் பெயரும் ஏறிவிட்டது, இன்னும் ஒரே ஒரு கெட்ட முடிவு போதும். தையில் அதுவும் வந்துவிட்டால் சிவப்பு, சிவப்பு வந்தால் படுக்கை.

மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். நிகிலேஷ் காவி வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே ஒரு தூக்குப் பாத்திரத்தோடு கவினேஷ். அவர் பின்னால் தர்ஷினி.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? இதைத்தானே இத்தனை மாசமா படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? இப்ப விரதம் இருந்தா எண் குறையும். குறைஞ்சா மறுபடியும் முதல்லேர்ந்து. அதுவரைக்கும் உங்க நெஞ்சு தாங்காது. நான் விளக்குநரா சொல்லல, டாக்டரா சொல்றேன். தாங்காது!"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா மாலை?"

"உக்காந்து பேசறேனுங்க" என்று உட்கார்ந்தார். பேசுவதற்கு முன் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அந்தத் தம்பி மோசடின்னு எழுதிட்டாருங்களே. ரிப்போர்ட்டுக்காக சாமி கும்புட்டோம்னு. இந்த வருசம் எங்க ஸ்டாண்டுல ஒருத்தனும் மாலை போடலீங்க. வேலையில்ல, பச்சையில்ல, இனி மாலை எதுக்குன்னு விட்டுட்டாங்க. நானும் விட்டுட்டேன்னா, அவர் சொன்னது நெசமாயிருமுங்களே."

"நெசமானா ஆயிட்டுப் போகட்டும்! எவனோ ஒருத்தன் எழுதின வரிக்கு நீங்க உசிர விடுவீங்களா?"

"எங்கப்பனும் நானும் நடந்த பாதைங்க அது. பொய்யின்னு கேட்டுட்டு ஊட்டுல கறி தின்னுட்டு உக்காந்திருக்க முடியலீங்க."

கவினேஷ் தூக்குப் பாத்திரத்தை மேசையில் டொக்கென்று வைத்துத் திறந்தார். மிளகு போட்ட முட்டை வறுவல். அறை முழுக்க மணத்தது. "மச்சான், ஒரே ஒரு முட்டை. டாக்டரம்மா முன்னாடி தின்னுருங்க. மாலையக் கழட்டச் சொல்லல. முருகன் எங்கிட்ட வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

"மூடி வெய்யிடா" என்றார் நிகிலேஷ்.

"அக்கா, நீயாச்சும் சொல்லேன்! சாப்பாட்டுல நீயே எதையாச்சும் கலந்து போட்டுரு, இந்த ஆளு கண்டுபுடிக்கவா போறாரு!"

தர்ஷினி தம்பியைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு வழி தோன்றியது. அவளை மட்டும் ஓரமாக அழைத்தேன்.

"நெய் விரதத்துக்கு ஆகும்தானே? நெய் ஊத்துங்க. தேங்காய் அரைச்சு ஊத்துங்க. ஒரு வேளைச் சோறுதானே, அதுல எவ்வளவு போகுமோ அவ்வளவு. சாமி குத்தமும் இல்ல, எண்ணும் இறங்காது."

"சரிங்க" என்றாள். புருஷனுடைய குழாய் அடைக்கட்டும் என்று நெய் ஊற்றச் சொல்கிறேன், அவளும் சரி என்கிறாள். என்ன பிழைப்பு இது என்று அன்றைக்கு எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் தன்னந்தனியாகத்தான் நடந்தார். முன்பெல்லாம் ஊரே திரண்டு, காவடியும் கொட்டுமாகப் போகிற பாதை. கவினேஷ் பண்ணை வண்டியை எடுத்துக்கொண்டு நூறடி பின்னால் ஊர்ந்தபடியே போயிருக்கிறார், ஆள் விழுந்தால் தூக்கிப் போட. ஒரு மைல் நடப்பதும், மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு சாலையோரப் புளியமரத்தடியில் உட்காருவதுமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். மலையும் ஏறினார். கீழே இறங்கும்போது கவினேஷ் அவரைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தாராம். அந்தச் சாமியில்லாத மனுஷன் அதை என்னிடம் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார்.

தைப்பூசம் முடிந்து, வாரியம் கொடுத்திருந்த தேதியில் புருஷனும் மனைவியும் வந்தார்கள். நிகிலேஷ் பாதியாகியிருந்தார். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்கியது. பஞ்சாமிர்த டப்பாவை மேசையில் வைத்தார். ரத்தம் எடுத்துப் போட்டேன். கணியனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நூற்றி இருபத்தாறு. எல்லை நூற்றி முப்பது. நாலே நாலு புள்ளி. அத்தனை நெய்யும் நடையில் கரைந்து போயிருந்தது.

திரையில் எழுத்து வந்தது. 'தொடர்ச்சி முறிந்தது. அறுவைச் சிகிச்சை வரிசையிலிருந்து நீக்கம். நல்ல முன்னேற்றம். தற்காலிகப் பச்சை.' நல்ல முன்னேற்றம் என்பதற்குப் பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வேறு. அதைப் பார்த்ததும் திரையைத் தூக்கித் தரையில் அடிக்கலாம் போல இருந்தது.

"பச்சை! தர்ஷினி, பாரு, பச்சை!" என்று நிகிலேஷ் துள்ளினார். "முருகன் கைவிடலடி! பாத்தியா, மோசடியாம் மோசடி! வண்டி ஏறலாமுங்களா டாக்டரம்மா?"

"தற்காலிகம்னு போட்டிருக்கு. ஏறலாம்" என்றேன்.

தர்ஷினியும் சிரித்தாள். "நாந்தான் சொன்னனுங்களே, ஒண்ணும் ஆகாதுன்னு" என்றாள்.

"போயி கீழ மூணு டீ சொல்லிட்டு வா. டாக்டரம்மாவுக்குச் சக்கர கம்மியா."

அவள் போனாள். கதவு சாத்திய பிறகு அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. உள்ளங்கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"வரிசையில இனி நான் இல்லீங்களே?"

"இல்லீங்க."

"மறுபடி மூணு தடவை."

"ஆமாங்க. இங்கேர்ந்து எண்ணினா அடுத்த ஐப்பசியிலதான் சிவப்பு வரும்."

"அது வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "சரி உடுங்க. என்னைய மோசடிக்காரன்னு சொல்ல முடியாதில்லீங்க? அது போதும். ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அவளுக்கு இந்த எழவெல்லாம் ஞாபகம் இருக்காதுங்க, பச்சையப் பாத்ததும் மறந்துட்டா. சந்தோசமா இருக்கறா. அவகிட்ட எதையும் வெளக்க வேண்டாம்."

நான் தலையை ஆட்டினேன். சட்டப்படி ஒரு வார்த்தை விடாமல் நான் விளக்கியாக வேண்டும்.

டீ வந்தது. மூன்று பேரும் குடித்தோம். வண்டி எடுத்து முதல் லோடு எங்கே போகலாம் என்று அவர் கதை கதையாகச் சொல்ல, அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். பிறகு அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மெல்ல நடந்தார்.

தர்ஷினி டம்ளர்களை அடுக்குகிற சாக்கில் பின்தங்கினாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"நெய் நெறையத்தான் ஊத்துனேனுங்க டாக்டரம்மா. கையில ஒட்டற அளவுக்கு ஊத்துனேன்" என்றாள். உதடு கோணிக்கொண்டு வந்தது, பல்லால் கடித்து நிறுத்தினாள். "இந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்னு அவருக்குப் புரியலீங்க. சந்தோசமா இருக்காரு. அவருகிட்ட எதையும் வெளக்கீராதீங்க."

வெளியிலிருந்து அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "வந்துட்டேனுங்க" என்று சிரித்த குரலில் சொல்லியபடியே போனாள்.